சீந்துவாரற்ற பெட்டிக்காரர்

பழைய வீடியோ கேம் கன்சோல்களைச் சேகரிப்போரில், மற்றவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்ததை மட்டுமே வாங்குகிற ஒரு பிரிவினர் உண்டு. அமெரிக்காவின் கராஜ் சேல்களிலும் பழம்பொருள் கடைகளிலும், ஐரோப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும், ஜப்பானில் ‘ஹார்ட் ஆஃப்’ கடைகளின் ஜங்க் கூடையருகிலும் இவர்களைக் காணலாம். நாற்பதைக் கடந்தவர், பெரும்பாலும் ஆண், சட்டைப்பையில் ஒரு திருப்புளி, சாவிக்கொத்தில் ஒரு குட்டி டார்ச். மேசைமேல் அடுக்கியிருப்பதை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மேசைக்கடியில் கிடக்கும் அட்டைப்பெட்டியில்தான் கண். அதைக் குடைந்து ஒன்றைத் தூக்கி விலை கேட்பார். விற்பவருக்கு ஒரு கணம் குழப்பம் வரும்: இந்த ஆள் விஷயம் தெரிந்து கேட்கிறாரா, விவரம் கெட்டுக் கேட்கிறாரா? இரண்டுமே உண்மையாக இருப்பதுதான் இந்த மனிதரின் விசேஷம்.

இவரைப் புரிந்துகொள்ள, மற்ற சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். அவர்கள் தேடுவது முதலில் தங்கள் பத்து வயதை. நின்டெண்டோவின் என்இஎஸ், சேகாவின் மெகா டிரைவ் போன்றவை அந்தக் கணக்கில் வருபவை; அவற்றுக்கு என்றும் கிராக்கி உண்டு. அடுத்து அவர்கள் தேடுவது ஒரு கதை. தோற்ற கன்சோலாக இருந்தாலும் கதை நன்றாக இருந்தால் போதும். 1995இல் வந்த நின்டெண்டோ விர்ச்சுவல் பாய், சிவப்பு நிறம் ஒன்றை மட்டுமே காட்டிக் கண்ணை வலிக்கவைத்தது. அதற்கு வந்த விளையாட்டுகள் மொத்தம் 22. விற்பனை 8 லட்சத்தைத் தொடவில்லை. ஓராண்டுக்குள் கடையைக் கட்டினார்கள். இன்று அது கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாக நிற்கிறது. 2005இல் வந்த கிஸ்மோண்டோ என்ற கையடக்கக் கன்சோல் 25,000கூட விற்கவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் தலைமையில் இருந்த ஸ்டெஃபான் எரிக்சன், 2006இல் கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரைச் சாலையில் ஓடிய ஃபெராரி என்ஸோ காரொன்று கம்பத்தில் மோதி இரண்டாகப் பிளந்த விவகாரத்தில் சிக்கிச் சிறைக்குப் போனார். விளையாட்டு ஒன்றுகூடப் பிடிக்காவிட்டாலும் காருக்காகவே கிஸ்மோண்டோ வாங்குகிறார்கள்.

குப்பைக்கும் இந்த விதி பொருந்தும். அட்டாரி நிறுவனம் 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் கொட்டி மூடிய கேசட்களை 2014இல் தோண்டி எடுத்தார்கள். (கார்ட்ரிட்ஜ் என்பதே சரியான பெயர், 90களின் தமிழ்நாட்டில் அதைக் கேசட் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு வேறு சொல் வாயில் வராது.) அவற்றில் 800க்கு மேற்பட்டவை ஏலத்துக்குப் போய் 1 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டின. நசுங்கி, மண் அப்பி, நாற்றமும் போகாத அந்தக் கேசட்களுக்கு ‘அசல் குப்பைதான்’ என்று நகராட்சிச் சான்றிதழ் வேறு.

ஆகவே ஒரு கன்சோல் சேகரிப்பாளர்களிடம் எடுபடாமல் போவதற்குத் தோல்வி காரணமாவதில்லை. சத்தமில்லாமல் தோற்பதுதான் காரணம். ஊர் சிரிக்கத் தோற்றவனைப் பற்றி ஊர் பேசும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து 41 மதிப்பெண் வாங்கியவன் பெயர் வாத்தியாருக்கே நினைவிருக்காது. சீந்துவாரற்ற பெட்டிக்காரரின் அலமாரியில் இருப்பவை எல்லாம் இந்த மூன்றாம் வரிசைக்காரர்கள்.

அலமாரியில் பெரும்பங்கு பாங் பெட்டிகளுக்கு. 1976இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் ஏஒய்-3-8500 என்றொரு சில்லை விற்பனைக்கு விட்டது. டென்னிஸ், கால்பந்து, ஸ்குவாஷ் எல்லாம் அந்த ஒரே சில்லுக்குள் அடக்கம். அதை வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தி இரண்டு திருகுகளை வைத்தால் கன்சோல் தயார். பொம்மை செய்தவர், ரேடியோ செய்தவர் என்று நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இந்த வேலையில் இறங்கின. பெயர் வேறு, டப்பா வேறு, உள்ளே இருப்பது அதே பாங்: இரண்டு கோடு, ஒரு புள்ளி. இதில் முப்பது பெட்டி வைத்திருப்பவரிடம், எதற்கு முப்பது என்று கேட்கும் தவறை விருந்தாளி ஒருமுறைதான் செய்வார். இதில் மரக் கோலம் அச்சடித்த ஸ்டிக்கர், அதில் மரக் கோலம் பூசிய தகடு. இதில் திருகு வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கம். இது ஸ்பெயினுக்குப் போனது, ஆனால் கையேடு இத்தாலியன். விளக்கம் முடிய ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

பாங் பெட்டியை வாங்குமுன் அவர் செய்யும் சோதனை பார்க்கத் தகுந்தது. பெட்டியைக் கவிழ்த்து, பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, முதலில் மோந்து பார்ப்பார். கோலிகோ டெல்ஸ்டார் முதலிய பல பெட்டிகள் ஆறு தடித்த பேட்டரியில் ஓடியவை; 1978இல் பரணில் போட்டவர்கள் பேட்டரியை எடுக்க மறந்துபோனார்கள். அது கசிந்து, கம்பிச்சுருள்மேல் உப்புப் பூத்ததுபோல வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருக்கும். காரக் கசிவை முறிக்கப் புளித்த காடி போதும். அன்று மாலை அவர் வீட்டுச் சமையலறையில் காடி பாட்டிலையும் பழைய பல் துலக்கியையும் தேடினால் கிடைக்காது.

இவர் போற்றும் பெட்டிகளில் முதல் மரியாதை ஆர்சிஏ ஸ்டூடியோ 2க்கு. அமெரிக்க வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சியைக் கொண்டுசேர்ப்பதில் முன்னோடி என்று பெயர் பெற்ற ஆர்சிஏ, 1977 ஜனவரியில் கறுப்பு வெள்ளையில் ஒரு கன்சோலை வெளியிட்டது. ஜாய்ஸ்டிக் கிடையாது. பத்துப் பத்து எண் பொத்தான்களாக இரண்டு பலகை, பெட்டியிலேயே அறைந்தாற்போல் பதிந்திருக்கும். இருவர் ஆட வேண்டுமானால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெட்டிமேல் குனிய வேண்டும். ஓசை தொலைக்காட்சியிலிருந்து வராது, பெட்டிக்குள்ளிருந்து பல்லி சொல்வதுபோல வரும். கேசட் செருகாமலே ஆட ஐந்து விளையாட்டு உள்ளே உண்டு. அவற்றில் ஒன்று கூட்டல் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் வண்ணமும் ஜாய்ஸ்டிக்குமாக அட்டாரி விசிஎஸ் வந்து இறங்கியது. அடுத்த ஆண்டு ஸ்டூடியோ 2 கடைகளிலிருந்து போய்விட்டது.

இதற்கு மின்சாரம் போகும் வழியும் வினோதமானது. அடாப்டரை நேரே கன்சோலில் செருக முடியாது. தொலைக்காட்சிக்குப் பின்னால் மாட்டும் சின்ன ஸ்விட்ச் பெட்டியில் செருக வேண்டும். அங்கிருந்து வரும் ஒரே வயரில் மின்சாரம் இந்தப் பக்கமும் படம் அந்தப் பக்கமும் போய்வரும். அந்தச் சின்னப் பெட்டி தொலைந்தால் கன்சோல் வெறும் பிளாஸ்டிக். அது தொலையாத வீடும் இல்லை. ஆகவே சந்தையில் ஸ்டூடியோ 2 கண்ணில் பட்டதும் இவர் கன்சோலை விசாரிப்பதே இல்லை.

“அந்தச் சின்ன டப்பா இருக்குங்களா?”

“எந்த டப்பா?”

“டிவிக்குப் பின்னாடி மாட்டறது. ரெண்டு வயரு தொங்கும்.”

“அதத் தூக்கிப் போட்டாச்சே. அது இதோடதுன்னு யாருக்குத் தெரியும்?”

இவர் முகம் ஒரு கணம் வாடும். பிறகு எப்படியும் வாங்கிவிடுவார். டப்பா இல்லாத ஸ்டூடியோ 2 அவரிடம் ஏற்கெனவே மூன்று உண்டு; நான்காவதற்காவது கிடைக்காதா என்பது கணக்கு.

இவரது பேச்சில் அடிக்கடி வரும் தொடர், “ஒரு வகையில பாத்தா இதுதான் முதல்ல…” என்பது. அதில் பொய் கிடையாது. கழற்றி மாற்றும் கேசட்டை 1976இல் முதலில் கொண்டுவந்தது ஃபேர்சைல்ட் சேனல் எஃப். அதற்குப் பின்னால் இருந்தவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர். ஸ்டூடியோ 2க்கு விளையாட்டு எழுதிய ஜாய்ஸ் வைஸ்பெக்கர், வணிகத்துக்கு வீடியோ கேம் உருவாக்கிய முதல் பெண்ணாகக் கருதப்படுகிறார். டைகர் நிறுவனத்தின் கேம்.காம் 1997லேயே தொடுதிரை வைத்தது, தனியே மோடம் வாங்கி இணைத்தால் இணையமும் தந்தது. தொடுதிரையுள்ள நின்டெண்டோ டிஎஸ் வந்தது 2004இல். “ஏழு வருஷம் முன்னாடி!” என்று இந்த இடத்தில் குரல் உயரும். கேம்.காமின் திரையில் எது ஓடினாலும் பின்னால் நிழல் இழுத்துக்கொண்டு போகும், ஓடுவது யார், நிழல் எது என்று பிரிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்பதை அவர் குறிப்பிட மாட்டார். யாராவது குறிப்பிட்டால், முதலில் செய்பவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்பார். முதலில் செய்ததாலேயே மோசமாகச் செய்தவை என்ற வகையில் இந்த அலமாரி ஓர் அருங்காட்சியகம்தான்.

மேல்தட்டைத் தாண்டினால் மற்றவை வரும். 1982இல் வந்த எமர்சன் ஆர்கேடியா 2001, பெயரில் இருந்த ஆண்டுக்கு வெகு முன்னமே, இரண்டு வருடம்கூடத் தாங்காமல் மறைந்தது. ஆனால் பல நாடுகளில் பல பெயர்களில் அதன் உடன்பிறப்புகள் வந்தன, அத்தனையும் சேர்க்க ஓர் ஆயுள் போதாது என்பதே இவருக்கு அதன் கவர்ச்சி. 2006இல் மேட்டல் கொண்டுவந்த ஹைப்பர்ஸ்கேன், அட்டைகளை ஸ்கேன் செய்து ஆட வேண்டியது; மொத்தம் ஐந்து விளையாட்டு. விடெக் வி.ஸ்மைல் போன்ற பாடம் சொல்லும் கன்சோல்களை மற்ற சேகரிப்பாளர்கள் கன்சோல் என்றே ஒப்புவதில்லை. பொத்தான் இடுக்கில் யாரோ ஒரு பிள்ளை 2005இல் தின்ற ஜாம் காய்ந்து கிடக்கும். 2012இல் பொதுமக்களிடம் 85 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி மறுவருடம் வெளிவந்த ஊயா வேறு விதம்: விளையாட்டெல்லாம் இணையத்தில் இருந்தது, 2019இல் அந்தக் கடை மூடப்பட்டது. இன்று அதை இயக்குவது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். நின்டெண்டோ வீ கன்சோலுக்கு எதிர்மாறான நோய்: 10 கோடிக்கு மேல் விற்றதால் எந்தப் பழம்பொருள் கடையிலும் குவிந்து கிடக்கிறது.

ஃபேமிகாம் (என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவம்) நகல்களையும் சேர்க்க வேண்டும். மேற்கத்திய சேகரிப்பாளர்கள் அவற்றைப் போலி என்று தள்ளுவார்கள். ஆனால் 1992இல் ரஷ்யாவுக்கு வந்த டென்டி அத்தகைய நகல்தான். அங்கே ஒரு தலைமுறைக்கு அதுவே அசல். தமிழ்நாட்டு வீடுகளில் மாரியோ குதித்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். மேலே ஆயிரக்கணக்கில் எண் போட்டு ‘இன் 1’ என்று எழுதிய கேசட்டில், பட்டியலின் இரண்டாம் பக்கத்துக்குமேல் முதல் பக்கமே வேறு பெயரில் திரும்ப வரும். அந்த ஏமாற்றத்தையும் பத்து வயதில் அடைந்திருந்தால், அதற்கும் ஒரு விலை உண்டு.

விருந்தாளிக்கு இவர் இயக்கிக் காட்ட மிகவும் விரும்புவது 1987இல் வந்த ஆக்‌ஷன் மேக்ஸ். இதற்கு விசிஆரும் குண்டுத் தொலைக்காட்சியும் வேண்டும். இரண்டையும் பின்கட்டிலிருந்து இருவர் பிடித்துத் தூக்கி வருவார்கள். வீடியோ டேப்பைப் போட்டு, திரையின் மூலையில் ரப்பர் உறிஞ்சியால் ஒரு சிவப்பு விளக்கை ஒட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுப்பார். டேப்பில் படம் ஓடும், திரையில் மினுக்குவதைச் சுட வேண்டும், எண்ணிக்கை ஏறும். சுட்டாலும் சுடாவிட்டாலும் டேப் அது பாட்டுக்கு ஓடும். குறி தவறியதால் யாரும் சாவதில்லை, பட்டதால் எதிரி விழுவதுமில்லை. டேப் முடிந்ததும் விருந்தாளி துப்பாக்கியைக் கீழே வைத்து, “நான் ஜெயிச்சேனா?” என்று கேட்பார். இவர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். “அது இதுல கிடையாதுங்க” என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பூரிப்பு, பெற்ற பிள்ளையின் குறும்பைச் சொல்பவர் முகத்தில்தான் வரும்.

பெரிய கைகளிடம் இவருக்குப் பகையில்லை. 2021 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அதை வாங்குகிறவர்களைப் பற்றி இவர் பரிவோடுதான் பேசுவார். அவர்கள் உறையைப் பிரித்தால் விலை போய்விடும் என்பதால் ஆடுவதில்லை. இவர் எல்லாவற்றையும் பிரித்து, கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டார். ஆட ஒன்றும் இல்லாததால் ஆடுவதில்லை. 80களின் வெளிர்நிறப் பெட்டிகள் பழுப்பேறினால் இரு தரப்பும் செய்யும் வைத்தியம் ஒன்றே: முடி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மாடியில் வடகம் காயவைப்பதுபோல வெயிலில் வைப்பது. வித்தியாசம், இவர் விஷயத்தில் களிம்பின் விலை பெட்டியின் விலையைவிட அதிகம். திருட்டுப் பயமும் இல்லை. அறைக்குப் பூட்டே போடுவதில்லை.

இவருக்கு வரும் ஒரே சோதனை, பெட்டி ஒன்றுக்குத் திடீரென்று மவுசு கூடுவது. பலர் பார்க்கும் வீடியோ ஒன்றில் யாராவது ஆர்கேடியாவையோ கேம்.காமையோ புகழ்ந்துவிடுவார், அடுத்த மாதம் விலை இரண்டு மூன்று மடங்காகும், இதுவரை இவரைக் கண்டு ஒதுங்கியவர்கள் வந்து, “உங்ககிட்ட ரெண்டு இருக்காமே?” என்று விசாரிப்பார்கள். இவருக்கு அது பெருமையாக இருக்க வேண்டும். இருப்பதில்லை. சில வாரம் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார், கீழ்த்தட்டுக்கு மாற்றுவார், கடைசியில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பணத்தில் பாங் பெட்டிகள் பதினொன்று வீட்டுக்கு வரும். அவற்றில் இரண்டில் கோடு தெரியும், பந்து வராது.