வேலைக்கள்ளிக்கு இமை ஊதாவாகாது

கேள்வி: மனைவிக்கு 46 வயது. கதிரையிலிருந்து கையூன்றித்தான் எழும்புறா. தலை இழுக்கவும் கை தூக்க ஏலாதாம். கண் இமை ஊதாப் பட்டிருக்கு. ‘வேலைக்கள்ளி’ எண்டு அம்மா சொல்லுறா. உண்மையோ?
- வாசகர், பரந்தன்

பதில்: வேலைக்கள்ளிக்கு நாரி நோகும், தலை இடிக்கும், இமை ஊதாவாகாது. விரல் மொழிகளின் மேல் சிவந்த தடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டேர்மற்றோமயோசைற்றிஸ் என்ற தோல், தசை அழற்சியாக இருக்கலாம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது. தோளையும் தொடையையும்தான் முதலில் பிடிக்கும். பேனை பிடிக்கலாம், அலுமாரியின் மேல்தட்டு எட்டாது. சமதரையில் நடக்கலாம், பஸ் படி ஏற முடியாது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். சி.கே. என்றொரு இரத்தப் பரிசோதனை தசை பழுதாவதைக் காட்டும். அம்மாவையும் கூட்டிப்போங்கள், வைத்தியர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.

கேள்வி: ஒரே சீப்பைப் பாவித்தால் இந்த நோய் தொற்றுமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பேன் தொற்றும். இது தொற்றாது.

கேள்வி: செய்வினை எண்டு ஊரில் சொல்லுகினம். நூல் கட்டலாமோ?
- வாசகர், முள்ளியவளை

பதில்: கட்டுங்கள், கிளினிக் போகிற வழியில். சாப்பாடு புரைக்கேறினாலோ மூச்சு வாங்கினாலோ நூலையும் மறந்துவிட்டு அன்றைக்கே ஓடுங்கள். விழுங்கும் தசையையும் நுரையீரலையும்கூட இந்த நோய் தொடும்.

கேள்வி: ‘தங்கல்’ படத்துப் பிள்ளைக்கு வந்ததும் இதுதானா?
- மாணவி, வவுனியா

பதில்: ஆம். சின்ன பபிதாவாக நடித்த சுஹானி பட்னாகர் 2024 பெப்ரவரி 16 அன்று டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையில் இறந்தார். வயது 19. ஆனால் இதே நோய் 1974இல் கண்டறியப்பட்ட ஆங்கில நடிகர் லோரன்ஸ் ஒலிவியர் அதற்குப் பிறகும் நடித்து, 1989 வரை வாழ்ந்தார். முதல் செய்தி மட்டும் வட்ஸ்அப்பில் சுற்றும். இரண்டாவதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: இந்த நோய்க்குத் தந்த ஸ்டெரொயிட் குளிசையால் முகம் ஊதிவிட்டது. நிற்பாட்டட்டா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டவே வேண்டாம். திடீரென நிற்பாட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அளவைக் குறைக்க வைத்தியருக்குத் தெரியும். வேறு மருந்து சேர்த்துப் படிப்படியாகக் குறைப்பார். இந்த மருந்துகளால் கிருமி தொற்றுவது சுலபமாகிவிடும் என்பதால் காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்காதீர்கள்.

கேள்வி: வயலுக்குப் போகலாமா?
- விவசாயி, நெடுங்கேணி

பதில்: வெயில் பட்டால் தோல் கூடச் சிவக்கும். முழுக்கை சட்டையும் தொப்பியும் போட்டு, உச்சி வெயிலுக்கு முன் வீடு திரும்புங்கள். வளர்ந்தவர்களில் சிலருக்கு இந்த நோயோடு புற்றுநோயும் ஒளிந்திருப்பதுண்டு. அந்தப் பரிசோதனைகளுக்கு வைத்தியர் எழுதித் தந்தால், அறுவடை முடியட்டும் என்று துண்டை மடித்து வைக்காதீர்கள்.