கேஸ் போடும் மனிதர்

அமெரிக்கர் பெட்ரோலை 'கேஸ்' என்பார். நம்மூரில் கேஸ் என்றால் ஒன்று அடுப்பங்கரை சிலிண்டர், இல்லாவிட்டால் கோர்ட்டு வழக்கு. நாம் பார்க்கப்போகும் மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ ஏதாவதொரு சிற்றூர்ப் பங்க்கில், ஃபோர்டு பிக்கப்பை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்தபடி விலைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாரே, அவரேதான். கேஸ் போட வந்தால் ஒரு கேஸ் போடாமல் திரும்பமாட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எப்போதும் வெள்ளை மாளிகையில் குடியிருப்பவர். அவர் நம்மாளாக இருந்துவிட்டால் மட்டும் வழக்கு தள்ளுபடி.

மாதாமாதம் பார்க்கும் ரத்தக்கொதிப்பு எண் இவருக்கு நினைவிருக்காது. மகளின் பிறந்த தேதியில் தடுமாறுவார். ஆனால் எந்த அதிபர் பதவியேற்ற வாரம் கேலன் என்ன விலை என்று கேட்டால் சென்ட் சுத்தமாகச் சொல்லுவார். சென்ட் சுத்தம் என்பதுகூடச் சரியில்லை. அமெரிக்கப் பங்க்குகளில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் 9/10 என்று ஒரு பின்னம் ஒட்டிக்கொண்டிருக்கும். சென்ட்டில் பத்தில் ஒன்பது. அப்படி ஒரு நாணயம் எந்தச் சட்டைப்பையிலும் கிடையாது. மூன்றரை டாலரை மூன்று நாற்பத்தொன்பது என்று வாய்விட்டுச் சொல்லவைக்கிற பழைய வியாபாரத் தந்திரம் அது. புதினை நம்பாதவர், சவுதியை நம்பாதவர், ஈரானின் நிழலைக்கூட நம்பாதவர், இந்த 9/10-ஐ மட்டும் ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆறு மைல் தள்ளி இன்னொரு பங்க்கில் கேலனுக்கு மூன்று சென்ட் குறைவு என்று தெரிந்தால் அங்கேதான் போவார். வண்டியின் டாங்க் 26 கேலன் கொள்ளும். காலி டாங்க்கை நிரப்பினாலும் மிச்சம் 78 சென்ட். போய்வரும் பன்னிரண்டு மைலுக்கு வண்டி குடிப்பது அரைக் கேலனுக்கு மேல். மனைவி ஒருநாள் இதைத் தாளில் எழுதியே காட்டினார். பணம் முக்கியமில்லை, கொள்கைதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு இவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் கொள்கை நாலே வரி. எங்காளு இருக்கும்போது விலை இறங்கினால் அது தலைமைத்துவம். எங்காளு இருக்கும்போது ஏறினால் அது உலகச் சந்தை. உங்காளு இருக்கும்போது ஏறினால் கையாலாகாத்தனம். உங்காளு இருக்கும்போது இறங்கினால், தேர்தல் வருகிறது, ஏதோ தில்லுமுல்லு. இந்தக் கடைசி வரியை இவர் ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். 2006 செப்டம்பரில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் விலை மளமளவென்று சரிந்தபோது, காலப் கருத்துக்கணிப்பில் 42 விழுக்காட்டினர் புஷ் அரசாங்கம்தான் வேண்டுமென்றே விலையை இறக்கியிருக்கிறது என்றார்கள். அப்போது சந்தேகப்பட்டது எதிர்முகாம்.

எதிர்முகாமுக்கும் ஊரில் ஒரு பிரதிநிதி உண்டு. பங்க்குக்கு எதிர்த்தாற்போல் உள்ள டோனட் கடையில், ஜன்னலோர மேசையில் அவர் உட்கார்ந்திருப்பார். ஒரே பள்ளி, ஒரே தொழிற்சாலை, ஒரே வருடம் ஓய்வு. ஓட்டு மட்டும் வேறு. இருவரும் தினமும் காலை ஏழரைக்குச் சந்திக்கிறார்கள். பங்க்குப் பையன் நீளக் கம்பை எடுத்துவந்து பலகையில் எண்ணை மாற்றினால் அன்றைய விவாதம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நம்மவர் முதலில் 2022-ஐத்தான் இறக்குவார். அந்த ஜூனில் நாட்டின் சராசரி விலை முதன்முறையாக ஐந்து டாலரைத் தொட்டுத் தாண்டியது. பைடன் விரல் நீட்டிச் சுட்டுகிற படத்தோடு, இது என் வேலை என்று அவரே ஒப்புக்கொள்வதுபோல் வாசகம் போட்ட ஸ்டிக்கர் நாடெங்கும் பம்புகளில் ஒட்டப்பட்ட காலம். ரஷ்யா பிப்ரவரி 24-இல் உக்ரைனுக்குள் நுழைந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய் என்பார் எதிராளி. எங்காளு இருந்திருந்தால் புதின் வாலை ஆட்டியிருப்பானா என்பார் நம்மவர். நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு வாதாடுவதில் ஒரு சௌகரியம், எதிர்சாட்சி கிடையாது.

அடுத்து கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய். பதவியேற்ற அன்றே, 2021 ஜனவரி 20-இல், பைடன் அதன் அனுமதியை ரத்து செய்தார். கட்டி முடிக்கப்படாத, ஒரு சொட்டு எண்ணெய்கூட ஓடாத அந்தக் குழாய் நின்றுபோனதால்தான் தன் டாங்க் வற்றியது என்று நம்மவர் மேசையைத் தட்டுவார். காப்பி சிந்தும்.

எதிராளி துடைத்துக்கொண்டே 2020-க்குப் போவார். டிரம்ப் காலத்தில் கேலன் 1.77 டாலருக்கு வந்தது என்று பெருமை பேசுகிறாயே, அன்று சாலையில் வண்டி ஓடியதா? நியாயமான கேள்விதான். ஏப்ரல் 20 அன்று கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் நின்றது. எண்ணெயையும் கொடுத்து, எடுத்துக்கொண்டு போகக் கூலியும் கொடுக்கிற நிலை. இன்னொன்றும் நடந்தது. 2018-இல் விலையைக் குறை என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கைத் திட்டித்தீர்த்த அதே டிரம்ப், 2020-இல் ரியாத்துக்கும் மாஸ்கோவுக்கும் போன் போட்டு உற்பத்தியைக் குறையுங்கள் என்றார். விலை ஏறட்டும் என்று! நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்க ஒப்பந்தமும் ஆனது. இதைக் கேட்டதும் நம்மவர் சர்க்கரையே போடாத காப்பியை ரொம்ப நேரம் கலக்குவார். பிறகு சொல்லுவார்: "அது ராஜதந்திரம்."

எதிராளியின் சட்டையும் அவ்வளவு வெளுப்பில்லை. அந்த 2020 மார்ச்சில், கச்சா எண்ணெய் பீப்பாய் இருபத்துச் சொச்ச டாலருக்குக் கிடந்தபோது, 300 கோடி டாலருக்கு வாங்கி அரசின் அவசரக் கையிருப்பை நிரப்பலாம் என்று டிரம்ப் தரப்பு கேட்டது. எண்ணெய்க் கம்பெனிகளுக்குத் தானமா என்று ஜனநாயகக் கட்சியினர் தடுத்து, அதைப் பெரிய வெற்றியாகவும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் பைடன் அதே கையிருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் திறந்துவிட்டபோது விலை நூறு டாலரைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சு வந்தால் எதிராளிக்கு அவசரமாக டோனட் வாங்க வேண்டியிருக்கும்.

இருவரையும் ஒரே நேரத்தில் ஊமையாக்குகிற எண் ஒன்று உண்டு. 2023-இல் அமெரிக்கா நாளொன்றுக்குச் சராசரி 1 கோடியே 29 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் எடுத்தது. உலகில் எந்த நாடும் அதுவரை எடுக்காத அளவு. பைடன் எண்ணெய்த் தொழிலின் கழுத்தை நெரித்தார் என்பவர் இதை வாயால் சொல்ல முடியாது. பைடன் பூமியைக் காப்பாற்ற வந்தவர் என்பவர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, வீட்டில் பேத்தி பேசமாட்டாள். ஆகவே இந்த எண் டோனட் கடைக்குள் வருவதே இல்லை.

விவாதம் சூடு பிடிப்பது விலையில் அல்ல, கையில். அதாவது அதிபர் அந்நிய மன்னரிடம் கையை எப்படிக் கொடுத்தார் என்பதில். 2005 ஏப்ரலில், பீப்பாய் 50 டாலரைத் தாண்டியிருந்த சமயம், டெக்சஸ் பண்ணை வீட்டில் புஷ் சவுதிப் பட்டத்து இளவரசர் அப்துல்லாவின் கையைக் கோத்துக்கொண்டு பூச்செடிகளுக்கு நடுவே நடந்தார். எதிராளி அந்தப் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறார். 2009-இல் லண்டனில் ஒபாமா, மன்னராகிவிட்ட அதே அப்துல்லாவின் முன்னால் முதுகு வளைந்தார். அது கும்பிடு அல்ல, மன்னர் குள்ளம், இவர் நெட்டை, அவ்வளவுதான் என்று வெள்ளை மாளிகைத் தரப்பு விளக்கியது. அந்தக் கோணத்தை நம்மவர் டோனட் கடைத் தரையில் நடித்தே காட்டுவார், முட்டிவலியோடு. 2017-இல் ரியாத்தில் டிரம்ப், சவுதி மன்னரோடும் எகிப்து அதிபரோடும் சேர்ந்து மினுக்கும் பூகோள உருண்டை ஒன்றின்மேல் கைவைத்து நின்றார், ஜோசியக் கண்ணாடி பார்ப்பதுபோல. சவுதியை உலகம் ஒதுக்கி வைக்கும்படி செய்வேன் என்று வேட்பாளராக முழங்கிய பைடன், 2022 ஜூலையில் ஜெட்டாவுக்கே போய் அன்றைய பட்டத்து இளவரசரின் முஷ்டியோடு முஷ்டியை இடித்தார். அக்டோபரில் ஓபெக் கூட்டணி உற்பத்தியை நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைப்பதாக அறிவித்தது. கோத்த கை, குனிந்த முதுகு, உருண்டை, முஷ்டி: இவற்றில் எது மானம் கெட்ட செயல் என்று இருபது வருடமாகத் தீர்ப்பு வரவில்லை.

இது பரம்பரைச் சொத்து. நம்மவரின் தகப்பனார் 1979-இல் விடியற்காலை வரிசையில் நின்றவர். அன்று கேலன் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது பல பழைய பம்புகளில் அதைக் காட்ட இடமே இல்லை. 99.9 சென்ட்டோடு எண் முடிந்துவிடும். பாதி விலையை வைத்து ஓடவிட்டு, வந்த தொகையை இரண்டால் பெருக்கி வாங்கினார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் சிக்கனம் பேசிய கார்ட்டரை அந்தக் குடும்பம் இன்றுவரை மன்னிக்கவில்லை. 1986-இல் விலை பாதாளத்துக்குப் போனது ரீகனின் மிடுக்கால் என்பது குடும்ப நம்பிக்கை. சவுதி குழாயைத் திறந்துவிட்டதும், விலை ரொம்ப விழுந்துவிட்டதே என்று முறையிட அன்றைய துணை அதிபர் சீனியர் புஷ்ஷே ரியாத்துக்குப் போனதும் குடும்ப வரலாற்றில் இல்லாத பக்கங்கள்.

நம்மவரிடம் சொந்தமாக ஒரு நினைவுச் சின்னமும் உண்டு. 2008 கோடையில், டயர்களில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டாலே எவ்வளவோ எண்ணெய் மிச்சமாகும் என்று ஒபாமா சொல்லப்போக, அவரை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் தரப்பு டயர் காற்றளவுமானியில் 'ஒபாமாவின் எரிசக்தித் திட்டம்' என்று அச்சடித்துக் கேலியாக விநியோகித்தது. அதில் ஒன்று இவர் வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பார்.

போன வாரம் ஒருநாள் பம்பில் நின்றார். அட்டையைத் தேய்த்தார். வண்டி கழுவ வேண்டுமா என்று இயந்திரம் கேட்டது, வேண்டாம் என்றார். அறுபது டாலருக்குச் சரியாக நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. 59.90-இல் கைப்பிடியைத் தளர்த்தி, விட்டு விட்டு அழுத்தினார். 59.96. 59.99. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு தட்டு. 60.01.

அதிபரின் பெயர் வாயில் வந்து, வந்த வேகத்தில் நின்றது. இப்போது இருப்பவர் நம்மாளு. உலகச் சந்தை என்று முணுமுணுத்தபடி நிமிர்ந்தவரின் கண்ணில் அது பட்டது. பழைய பைடன் ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பின் மேலேயே புதிதாக ஒன்று. அதே நீட்டிய விரல், இந்த முறை டிரம்ப் முகம். எதிர்க்கடை ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒருவர் மிகுந்த கவனத்தோடு டோனட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகத்தால் சுரண்டினார், வரவில்லை. டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்தார். 2008-இன் அந்தக் காற்றளவுமானி. அதன் முனையால் விரலை, மூக்கை, கழுத்துப்பட்டையை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தார். வேலை முடிந்ததும் கையிலிருந்த மானியை ஒருமுறை பார்த்தார். ஜன்னலோரத்து ஆள் கல்லாப்பக்கம் போயிருந்தார். வண்டியின் மறைவில் மெல்லக் குந்தி, இடது பின்சக்கரத்தின் மூடியைத் திருகினார்.