சம்பளம் எவ்வளவு தாராவ?

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறி உட்கார்ந்தால் போதும், பேட்டி ஆரம்பம். பக்கத்து சீட் ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. அதெல்லாம் ஒரு தடையா? முன்சீட்டுக் கல்லூரிப் பையன், கண்டக்டர், கீரைக்கட்டோடு நிற்கும் அக்கா என்று மொழிபெயர்ப்புக் குழு ஒன்று தானாகவே கூடிவிடும்.

“கல்யாணம் ஆயிட்டா?”

“கூடப்பிறந்தவுக எத்தனை பேரு?”

“அம்மா அப்பாவ விட்டுட்டு இங்க வந்து என்ன செய்திய?”

“சம்பளம் எவ்வளவு தாராவ?”

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்திருக்கிறேன், சம்பளம் கிடையாது என்று அவள் சொல்லுவாள். பஸ் அமைதியாகிவிடும். பிறகு ஆச்சி மெதுவாக, “சொல்ல மாட்டேங்கா பாரு” என்பாள்.

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுதான். ஆறுகள் கூடும் இடத்தைப் பார்க்க வந்தவள், மூன்று தலைமுறை கூடிநின்று தன்னைப் பார்ப்பதைத்தான் பார்ப்பாள். ஊரைக் கவனித்து டைரி எழுதலாம் என்று கிளம்பி வருபவர்களுக்கு நெல்லைச் சீமையில் இதுதான் சிக்கல். அவர்கள் பேனாவைத் திறப்பதற்குள் ஊர் அவர்களைப் படித்து முடித்திருக்கும்.

இந்தக் கேள்வித்தாள் இன்று நேற்று அச்சானதல்ல. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1896-இல் தமிழ் படிக்கத் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களிடம் சமயம் பேசுவது அவர் வேலை. 1903-இல் லண்டனில் வெளியான ‘திங்ஸ் அஸ் தே ஆர்’ என்ற புத்தகத்தில், அந்தப் பெண்கள் தன்னிடம் பேசியதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். தொப்பி போட்டிருந்ததால், வந்திருப்பது ஆணா பெண்ணா என்பதே முதல் சர்ச்சை. அது தீர்ந்ததும் வரிசையாகக் கேள்விகள்: கல்யாணம் ஆனவளா, விதவையா? நகை ஏன் போடவில்லை? சொந்தபந்தம் எங்கே? இங்கே வருவதற்குச் சர்க்கார் என்ன கொடுக்கிறது?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தின் கவனம் முழுக்க அவர் தலைமுடியில் இருந்தது. ஏன் எண்ணெய் வைக்கவில்லை? மாதம் ஒரு காசுக்கு நல்ல எண்ணெய் வாங்கவுமா வழியில்லை? விளக்கெண்ணெய் கூடத் தேய்ப்பதில்லையா? ஆன்மா பற்றிய பேச்சு அன்று அதோடு முடிந்தது.



சின்ன வயதில் நீலக் கண் வேண்டி ஏமி பிரார்த்தனை செய்தாராம், கிடைக்கவில்லை. இங்கே வந்து, சேலை கட்டிக் காப்பித் தூள் பூசி நம்மூர்ப் பெண்ணாக நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்பார்கள். களக்காடு, டோனாவூர்ப் பக்கம் குழந்தைகளைக் காத்து வளர்த்ததில் ‘அம்மா’வே ஆகிவிட்டார். டோனாவூர் என்ற பெயரும் ஒரு வெளிநாட்டவருடையதே. மிஷனரி ரேனியஸ் ஐயருக்குக் கோயில் கட்டப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனா, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வந்தவருக்கு எண்ணெய்க் கேள்வி, வராதவருக்கு ஊர்ப்பெயர்!

பதிலுக்கு நாமும் வெள்ளைக்காரர்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். 1841-இல் சென்னையிலிருந்து நடந்தே இடையன்குடி வந்து சேர்ந்த கால்டுவெல், பிற்காலத்தில் கொற்கையில் மண்ணைத் தோண்டித் தாழிகளை எடுத்தார். உள்ளே இருந்தவர்கள் யார் என்று ஊராரைக் கேட்டார். பதில் தயாராக இருந்தது. முன்னொரு யுகத்தில் மனிதர்களுக்குச் சாவே கிடையாது. வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போவார்கள். மிதிபடாமல் இருக்க விளக்கு மாடத்தில் எடுத்து வைப்பார்கள். கடைசியில் பார்த்துக்கொள்ள முடியாமல் அரிசி, தண்ணீர், எண்ணெயோடு தாழியில் இறக்கிவிடுவார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அந்த அறிஞர் இதையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டு ‘இண்டியன் ஆன்டிகுவரி’ இதழில் அச்சேற்றினார். கவனித்தீர்களா, தாழிக்குள் போகிறவருக்கும் எண்ணெய் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் கேட்கும் இந்தக் கேள்விகளைக் குறுக்கு விசாரணை என்று சில வெளிநாட்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இன்னார் மகள், இன்ன ஊர், இன்ன வருமானம் என்று தெரியாத ஆளை எந்த வரிசையில் உட்காரவைத்துச் சோறு போடுவது என்று நெல்லைக்காரர்களுக்குப் புரியாது. விவரம் கிடைத்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை நிச்சயம்.

ஆகவே தொண்டு செய்ய வரும் தம்பி தங்கைகளே, விசா, தடுப்பூசியோடு நாலு பதில்களையும் தயார்செய்துகொண்டு வாருங்கள். தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வையுங்கள். சம்பளம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவையுங்கள். அது போதாது என்று ஆச்சியே உங்களுக்காக வாதாடுவாள்.