கணினிப் பிரிவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: கோப்பு தேடும் உதவியாளர், செங்கல்பட்டு.
பெறுநர்: உயர்திரு கணினிப் பிரிவு அவர்கள், அதே அலுவலகம், மேல்மாடி.

பொருள்: அலுவலக நெட்வொர்க் – மாமல்லபுரம் வரைபடம் தேடுதல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

மாமல்லபுரத்தில் வீடு கட்ட நினைப்பவர் வந்து கேட்பது இவ்வளவுதான்: தன் மனை நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் வருகிறதா, அதற்கடுத்த 200 மீட்டருக்குள்ளா? முன்னதில் புதிதாகக் கட்ட முடியாது. பின்னதில் அனுமதி வாங்கிக் கட்டலாம். வரைபடம் நம்மிடம் இருக்கிறது. எந்தக் கணினியில் என்பதுதான் அரசு ரகசியம். நெட்வொர்க்கைத் திறந்தால் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி, விண்டோஸ் தானாக ஒட்டிய வாலோடு எல்லாம் ஒரே சாடை. ஆயுத பூஜைக் குங்குமத்துக்குக் கீழே 'மாமல்லை மேப் இதில்' என்று சீட்டு ஒட்டிய பெட்டிதான் எங்களுக்கு வழிகாட்டி. போன மாதம் அது வேறு பிரிவுக்குப் போய்விட்டது, சீட்டோடு.

2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்த சேதி ஃபோல்டர்களுக்கு இன்னும் எட்டவில்லை. திருக்கழுக்குன்றம் வட்டம் 'காஞ்சி பழசு'க்குள்தான் கிடக்கிறது.

கணினிப் பட்டியலே காணவில்லை என்று முறையிட்டதும் எஸ்எம்பி-1 என்ற பழைய நெறிமுறைக்கு உயிர் கொடுத்தீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது அதன் ஓட்டை வழியாகத்தான். அவ்வாண்டே மைக்ரோசாஃப்ட் அந்த நெறிமுறையைத் தானாக நிறுவுவதைக் கைவிட்டது. போகட்டும், தேர்தல் திரும்பிவிட்டதே! பட்டியலை யார் வைத்திருப்பது என்று கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்துகின்றன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலில் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலேயே போடமாட்டார்கள். இங்கே விண்டோஸ் புதிதாக இருந்து, நெடுநேரம் அணையாமல் ஓடினால் போதும். ஜெயித்தவர் பட்டியலில், கரண்ட் போய் அணைந்த கணினி 36 நிமிடம் வரைகூட பணியில் இருக்கும், நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு டீக்குப் போனவர் மாதிரி.

நன்றியோடு ஒரு விண்ணப்பம். விண்டோஸ் சர்வரில் டிஎஃப்எஸ் என்றொரு வசதி உண்டு. வெவ்வேறு சர்வர்களில் பகிர்ந்த ஃபோல்டர்களை ஒரே முகவரியின்கீழ் வட்டம், கிராமம், வரைபடம் என்று நாங்கள் பேசும் வரிசையிலேயே அடுக்கலாம். கோப்பு வேறு சர்வருக்கு மாறினால் நீங்கள் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எங்களுக்குப் பாதை மாறாது. திறக்க அனுமதியில்லாதவர் கண்ணில் ஃபோல்டரே படாமலும் வைக்கலாம். சர்வரோடு சேர்ந்தே வருவதால் டெண்டர் விட வழியில்லை. அந்த ஒரு குறையைத் தாங்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
கோப்பு தேடும் உதவியாளர்