பிஸ்கட் ரின்னில் ஒரு மருந்துக் களஞ்சியம்

அரச மருந்துக் களஞ்சியத்தின் சாவிக்குப் பொறுப்பான ஐயா அவர்களுக்கு,

"வீடுகளில் தேவைக்கு மேல் மருந்து சேர்த்து வைக்க வேண்டாம்" என்று எங்கள் ஊர்க் கிளினிக்கில் புதிதாக ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பணிவோடு வாசித்தேன். அதற்கு நேர் கீழே இருக்கும் யன்னலில்தான் "இந்தக் குளிசை இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று ஒரு துண்டும் தந்தார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்ததில் கொஞ்சம் குழம்பிப்போனேன். அதுதான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டிலும் ஒரு களஞ்சியம் இயங்கி வருகிறது. இடம்: சாமியறை அலுமாரியின் மேல்தட்டு, பழைய மலிபன் பிஸ்கட் ரின். பொறுப்பதிகாரி: அம்மா. பிறெஷரும் சீனி வருத்தமும் உள்ளவ. மெற்போமின், லொசாட்டன், அட்டோவாஸ்டட்டின் என்று வகைக்கொரு றப்பர் பான்ட். முதலில் காலாவதியாகும் காட் மேலே இருக்கும், பிந்தியது அடியில் போகும். பாதிக் காட் முடிந்தவுடனேயே அம்மா கத்தத் தொடங்கிவிடுவா. தங்கள் களஞ்சியத்தில் எப்போது கத்துவார்களோ தெரியாது. கடைசிக் குளிசையும் போனபிறகு யாரோ முழித்துக்கொண்டு "அவசரக் கொள்வனவு" என்று எழுதுவதாகத்தான் வெளியில் இருக்கிற எங்களுக்குப் படுகிறது. அந்த அவசரம் போன தூரமும் நாடறிந்தது. தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்தை வாங்கிய விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அம்மா இதுவரை கேள்விப்பத்திரம் கோரியதில்லை.

மருந்தை இப்படிச் சேர்த்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஐயா கேட்கக்கூடும். 2022 இல் வந்தது. நாட்டுக்கு வேண்டிய மருந்தில் பெரும்பங்கு கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. அந்த ஆண்டு அதை வாங்க டொலர் இருக்கவில்லை. மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்தில்லாமல், திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அதே மாதம் மருந்து விலையை 29 வீதம் கூட்டிக்கொள்ள அனுமதி வந்தது. இல்லாத சாமானுக்கு விலையேற்றம் என்பது எங்கள் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தோன்றாத யோசனை. பிறகு தமிழ்நாடு அரிசியோடும் பால்மாவோடும் மருந்தும் அனுப்பிவைத்தது.

அந்த நாட்களில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. பக்கத்து வீட்டு மாஸ்டர் இன்சுலின் போடுகிறவர். உடைக்காத குப்பியை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அச்சிட்டவருக்குப் பங்குனி வெயிலும் தெரியாது, எங்கள் மின்சார நேர அட்டவணையும் தெரியாது. மாஸ்டர் பெரிய மண்முட்டிக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன முட்டியை வைத்து, குப்பியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே இறக்கி, ஈரத்துணியால் மூடினார். முட்டி 8 பாகைக்கு இறங்காது. ஆனாலும் ஓடாத பிரிட்ஜைவிட அது மேல். நாட்டின் குளிர்ச் சங்கிலி அப்போது எங்கள் ஒழுங்கையில் ஒரு குசினி மூலையில் இருந்தது.

தங்கள் அறிவித்தலிலும் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். ஒரு வீடு மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கினால் வரிசையில் பின்னால் நிற்பவருக்கு ஒரு காட்டும் மிஞ்சாது. அடுக்குவதும் காசுள்ள வீடுதான், அல்லது கனடாவில் பிள்ளை உள்ள வீடு. கிளினிக் கொப்பியை மட்டுமே நம்பி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விடியற்காலை வந்து நிற்கிற மனிசி எதைச் சேர்த்து வைப்பது? அந்த அறிவித்தலைச் சரியாகக் கடைப்பிடிப்பவ அவ ஒருத்திதான், ஐயா. வெறுங்கையோடு திரும்புவதும் அவதான்.

1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது பேராசிரியர் சேனக பிபிலே அந்த மனிசியைத்தான் நினைத்திருக்க வேண்டும். தேவையான மருந்தை மூலப்பெயரில், மொத்தமாக, மலிவாக அரசே வாங்குவது என்பது அவருடைய திட்டம். வெளிநாடுகள் வந்து படித்துப்போன பாடம் அது. இங்கே மீதமிருப்பது அந்த மூலப்பெயர்கள்தான். அம்மா எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லுவா.

ரின்னை ஒப்படைக்க நாங்கள் தயார். அதற்கு முன் இரண்டு காரியம் செய்து தாருங்கள். நீண்டகால வருத்தக்காரருக்கு ஒரு மாதக் குளிசைக்குப் பதில் இரண்டு மாதத்துக்குக் கொடுங்கள். எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எந்த மாதம்வரை தாங்கும் என்பதை ஒவ்வொரு கிளினிக்கிலும் மூன்று மொழியிலும் மாதாமாதம் எழுதிப் போடுங்கள். இருப்பது தெரிந்தால் ஒருவரும் பதுக்கமாட்டார்கள்.

இங்ஙனம்,
கிளினிக் கொப்பிக்காரி ஒருவரின் மகன்