உதகை ஹோம்ஸ்டேயில் வெந்நீர் அறிவிப்பு: ஒரு பாட ஆய்வு

ஹோம்ஸ்டே குறித்துத் தமிழில் விரிவான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. வந்திருந்தாலும் வரவில்லை என்று தொடங்குவதே மரபு என்பதால் தேடிப் பார்க்கவில்லை.

ஆய்வுக் களம் உதகமண்டலத்தில் ஒரு வீடு. கீழே உரிமையாளர் குடும்பம், மாடியில் வாடகைக்கு மூன்று அறைகள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி இப்படி 1 முதல் 6 அறைகள் வரை விடலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். தரம் இரண்டு, தங்கம், வெள்ளி. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். இவையெல்லாம் கோப்பில் இருக்கின்றன. வீட்டை ஆள்வது குளியலறைக் கதவின் உட்புறம் ஒட்டிய ஒரு தாள்.

விருந்தினர் மூவகையர். புதுமணத் தம்பதியர் காலை உணவுக்கு வருவதில்லை. குடும்பத்தோடு வருவோர் இட்லி தீர்ந்த பிறகும் எழுந்திருப்பதில்லை. தனியாக வருவோரைப் பற்றிப் பக்கத்து வீட்டாரே விரிவாகச் சொல்வார்கள். காலை உணவு இட்லி, தோசை, பிரெட் ஆம்லெட். எல்லாம் சரியாக இருப்பதால் ஆய்வுக்கு உகந்ததல்ல.

இனி வெந்நீர். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். அதை வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளுக்கு பாலிதீன் பை பிடித்து மேலேறி வருபவர், அறையைப் பார்க்குமுன் கேட்பது “அண்ணே, சுடுதண்ணி எப்ப வரும்?” என்பதே. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே உதகை வெந்நீர் சமவெளி வெந்நீரைவிட எட்டு டிகிரி தாழ்ந்தது என்பர் ஒரு சாரார். குளிக்க நாற்பது டிகிரி போதுமே என்று குறுக்கிடுவோருக்கு முனைவர் பட்டம் இல்லை என்பதைக் கவனிக்க. மொட்டைமாடி சோலார் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது, வெயில் நாளில். கேட்பதோ மூடுபனி நாளில். 15 லிட்டர் கீசரில் விளாவினால் இரண்டு வாளி தேறும். அறையில் இருப்பவர் நால்வர்.

தாளுக்கு வருவோம். மூல பாடம் கணினி அச்சு: “வெந்நீர் காலை 6 முதல் 9 வரை.” (காண்க: தாள், வரி 1.) பின்னர் 9 அடிக்கப்பட்டு 8 எழுதப்பட்டிருக்கிறது. இத்திருத்தம் இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் மின்கட்டணத்தை ஒட்டியது என்பது என் துணிபு. (மின்வாரிய அட்டை, பின்புறம், பென்சிலில் பெருமூச்சுடன் போட்ட கூட்டல்.) “வரை” என்பதை அடுத்து “மட்டும்” என்றொரு சொல் நுழைந்திருக்கிறது. இது இடைச்செருகல் என்பார் ஒருவர். ஆசிரியரே பிற்காலத்தில் மனம் நொந்து சேர்த்தது என்பார் இன்னொருவர். (பால்காரர், வாய்மொழி, வாசலின் இரண்டாம் படியில் சில்லறை எண்ணியபடி கூறியது; குக்கர் விசிலால் இறுதிப் பகுதி சிதைந்தது; அதே கருத்து மறுநாள் மாற்றிக் கூறப்பட்டது.) மூலத்தைக் கண்ணால் பாராமல், முந்தையவர் காட்டிய மேற்கோளையே, அவருடைய அச்சுப்பிழையோடு சேர்த்து, மேற்கோள் காட்டுவது நம் துறையில் நெடுநாள் வழக்கம். இக்கட்டுரையாளர் நேரில் சென்று, கதவைத் தாழிட்டு, தலையில் சோப்பு நுரையோடு தாளை ஒப்புநோக்கியவர் என்பதைத் தேர்வாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நேரம் 8.10.

தாளின் அடியில், நீல மையில், தனியாக ஒரு சொல்: “பொய்.” இதுவே ஆய்வின் மையம். எழுதியவர் விருந்தினர் என்பதே பொதுக் கருத்து. ஆனால் குளிக்கப் போகிறவர் பேனா கொண்டு போவதில்லை. மேலும், ‘ய்’ மீதான புள்ளியைச் சிறு வட்டமாகச் சுழிக்கும் வழக்கம் இவ்வீட்டில் ஓரிடத்தில்தான் காணப்படுகிறது. (மளிகைக் கணக்கு நோட்டு, எண்ணெய்க் கறைப் பக்கம், “நெய் அரை கிலோ”, ஒப்பிடுக: அதே பக்கம், “தேங்காய் 4”.) அந்த நோட்டு உரிமையாளரின் மனைவியுடையது.

அக்காவிடமே கேட்டுவிடலாம், சமையலறையில்தான் இருக்கிறார். ஆனால் கேட்டால் விடை தெரிந்துவிடும். இரண்டாம் தொகுதிக்கு நிதி கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்தாயிற்று.