காரியாலய வேளையில் கேட்கத்தக்க பேரோசை: ஓர் ஆராய்ச்சி

துறைமுகத்தை அடுத்த காரியாலயங்களில் பகலெல்லாம் அமர்ந்து கணக்கெழுதுகிறவர்கள் எந்த இசையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்னும் விசாரம், உப்பு விலையும் கப்பல் வரவும் அலசப்படுகிற அளவுக்கு நம் தூத்துக்குடியில் இதுவரை அலசப்பட்டதாகத் தெரியவில்லையாதலின், கப்பல் ஏஜென்சி ஒன்றில் நெடுங்காலம் மேசைப்பணி புரிந்த அனுபவம் என்னும் ஒரே பிரமாணத்தைக் கையிற்கொண்டு அடியேன் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் பூர்வபட்சம். வேலைக்கு உகந்தது மௌனமே என்பார் ஒரு சாரார். இவர்கள் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட எங்கள் துறைமுகத்தின் பக்கம் வந்தவர்கள் அல்லர். வந்திருந்தால், கிரேன் கண்டெய்னரை இறக்கும் ஓசையும், அதற்குக் காத்துநிற்கும் லாரிகளின் ஹாரனும், மின்சாரம் போனவுடன் எழும் ஜெனரேட்டரின் உறுமலும் கூடிய இடத்தில் மௌனம் என்பது எந்தக் கப்பலிலும் வந்திறங்காத சரக்கு என்று உணர்ந்திருப்பார்கள். வீணை கேட்கலாமே என்பார் மற்றொரு சாரார். வீணை இரைச்சலில் கரைந்துவிடும். கரைந்ததைத் தேடிக் காது அலைய, கை நின்றுவிடும். திரைப்பாட்டோ சொற்களை உடையது, சொல்லோ காதில் நுழைந்து பேனாவில் இறங்கும் இயல்பினது. இவ்வாறு ஒருமுறை உப்பு மூட்டைக் கணக்கில் ‘மூட்டை’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘முத்தே’ என்று நான் எழுதிவிட, முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன இக்கரையிலிருந்து முத்து எப்படி ஏற்றுமதியாயிற்று என்று மேலதிகாரி வினவ, அன்று மாலை வரை விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

சித்தாந்தம் யாதெனில், இரைச்சலை அடக்கவல்லது அதனினும் பெரியதும், உள்ளே ராகமுடையதுமான மற்றோர் இரைச்சலே. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவன் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன். மை பிளடி வேலன்டைன் என்னும் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ‘லவ்லெஸ்’ இசைத்தட்டை என் காதில் மாட்டி, “சார், மேலுக்குத்தான் சத்தம், உள்ள பாட்டு இருக்கு, பொறுமையா கேளுங்க” என்றான். கிதார்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாக மோதி எழுப்பிய பேரலைக்கு அடியில் மெட்டொன்று நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது மெய்யே. ஆயின் கேட்டு முடித்ததும் என் நெஞ்சு சென்ற இடம் சீமையன்று, கோவில்பட்டி.

அவ்வூரில் சிலையாக நிற்கும் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். வீதியில் தேருக்கு முன்னே நின்று, ஒலிபெருக்கியின் தயவின்றி, ஊர்க்கூச்சலைக் கடந்து கடைக்கோடித் திண்ணை வரை கேட்கவேண்டும் என்பதற்காகவே பிறந்தது நாதஸ்வரம். ஆச்சா மரத்தைக் கடைந்து, நாணலிற் செய்த சீவாளியைச் செருகி, அடியில் அணைசு பொருத்திய அக்கருவியின் பக்கத்தில், ஒருகையில் கோலும் மறுகை விரல்களில் கூடுகளும் கொண்டு முழக்கும் தவுலும் சேர்ந்தால், துறைமுகத்துக் கிரேன் வெறும் ஒத்து ஊதும் நிலைக்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு முழக்கத்தினூடே அருணாசலத்தின் ராக ஆலாபனை இழையறாது, சொல் ஒன்றும் சுமக்காது செல்வதால், கணக்குக்கு இடையூறு யாதுமில்லை. 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போட்டியிடும் ஆபேரி ராகப் பாட்டு ஒப்பற்றதேனும், அதற்கும் சொற்கள் உண்டாகையால் அதைச் சாப்பாட்டு வேளைக்கு ஒதுக்கிவிடுக.

ஆட்சேபமொன்று எழுந்தது. முதல்நாள் இசைத்தட்டைச் சுழலவிட்டதும், பில் வாங்க வந்த லாரி டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “என்ன அண்ணாச்சி, பந்தி எப்பம் போடுதிய?” என்றார். இதைவிடக் கடுமையான இடர் கெட்டிமேளம். பிரிட்டிஷ் வானொலி 1940 முதல் 1967 வரை தொழிற்சாலைகளுக்கென ஒலிபரப்பிய இசை நிகழ்ச்சியில், கேட்டவர் தம்மையறியாது கைதட்டத் தூண்டும் ஓர் அமெரிக்கப் பாட்டை, இயந்திரத்தை விட்டுக் கை எடுத்துவிடுவார்களே என்று அஞ்சி விலக்கிவைத்தார்கள். எங்கள் காரியாலயத்தில் தவுல் கெட்டிமேளமாய்ப் பொங்கியபோது, நால்வருடைய கை அட்சதைக்கு எழுந்தது. ஒருவர் கையில் குண்டூசிப் பெட்டி இருந்தது. ஆகவே ஆலாபனை விதிக்கப்படுகிறது, கெட்டிமேளம் விலக்கப்படுகிறது.

வேலைநேர ஓசைக்கு இக்கரையில் பூர்வாசாரம் உண்டா எனின், உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போரைத் தீண்டாதபடி பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்றும், அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லும், இரவில் அவிழ்த்துவிடுவர் என்றும் குறிக்கிறார். பிற்காலத்தில் அவர்களைக் கடல்கட்டி என்றனர். ஆதலின் ஐந்தரை மணிக்கு இசைத்தட்டை நிறுத்திவிடுவதே சாஸ்திர சம்மதம். கூலி விஷயத்திலும் முன்னோர் வழி நிற்கவேண்டுமாகையால், இதைப் படித்துப் பயன்பெறும் அன்பர்கள் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒலிநாடாவைப் போட்டு ஒப்பேற்றாமல், மேளக்காரரையே அழைத்து, பேசிய தொகையைப் பந்திக்கு முன்பே கொடுத்துவிடுமாறு வேண்டுகிறேன்.